குரங்கு செத்தால் யாரிடம் சொல்வது?

கேரளா பக்கம் ஏதாவது காய்ச்சல் செய்தி வந்தால் போதும், நீலகிரியின் கேரள எல்லைப் பக்கம் இருக்கும் நாடுகாணி செக்போஸ்டில் வண்டிகளை நிறுத்திச் சோதிக்க ஆரம்பிப்பார்கள், எங்கள் பந்தலூர் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் "முதல்ல இந்தக் குரங்குகளை ஒழிக்கணும்" என்று ஒருத்தர் கிளப்பிவிடுவார். நிபா சமயத்திலும் இதே பேச்சு. அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து வருவதப்பா என்று சொன்னால் யார் காதில் விழுகிறது!

குரங்கினத்திலிருந்து மனிதனுக்கு நோயே வராது என்று நான் சொல்லவில்லை. உலகத்தையே ஆட்டிவைத்த எச்ஐவி-1 வைரஸின் மூலம் மத்திய ஆப்பிரிக்கக் காட்டுச் சிம்பன்சிகள்தான். தென்கிழக்கு கேமரூன் காடுகளில் அவற்றின் கழிவைச் சேகரித்துச் சோதித்து, எந்தப் பகுதிச் சிம்பன்சிகள் என்பது வரை 2006-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அது எப்படித் தாவியது? வேட்டையாடி அறுக்கும்போது ரத்தம் பட்டுத் தாவியிருக்கும் என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்வது. 1996-இல் காபோனில் மயிபூ என்ற கிராமத்தில் எபோலா என்ற கொடிய வைரஸ் காய்ச்சல் வந்ததும் அப்படித்தான், காட்டில் செத்துக் கிடந்த சிம்பன்சியைத் தூக்கி வந்து அறுத்தவர்களுக்கு முதலில் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஐவரி கோஸ்டின் ‘தாய்’ (Taï) என்ற காட்டில், செத்த சிம்பன்சியை அறுத்துப் பரிசோதித்த ஆராய்ச்சியாளருக்கே தொற்றிக்கொண்டது (பிழைத்துவிட்டார்).

இதில் நம் ஆட்கள் பேசாத பக்கம் ஒன்று இருக்கிறது. எபோலாவில் அந்த விலங்குகளும் கொத்துக் கொத்தாகச் செத்தன. காங்கோவின் லோசி பகுதியில் 2002-03-இல் மட்டும் சுமார் 5,000 கொரில்லாக்கள் போயிருக்கும் என்பது ஒரு கணக்கு. அந்த வருஷங்களில் காட்டில் கிடக்கும் செத்த விலங்குகளைக் கவனித்துச் சோதித்தவர்கள், மனிதர்களுக்கு நோய் வருவதற்கு முன்பே சுகாதாரத் துறைக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதாவது செத்த கொரில்லாவே முதல் தகவல்.

நம் மலைக்கு இது அந்நியமான கதை இல்லை. நம்மிடம் கொரில்லாவும் சிம்பன்சியும் கிடையாது, சரி. கருமந்தியும் நாட்டுக்குரங்கும் இருக்கின்றன. 1957-இல் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் சாகிறதே என்று பார்க்கப் போய்த்தான் குரங்குக் காய்ச்சலைக் கண்டுபிடித்தார்கள். 2015-இல் அது பக்கத்து வயநாட்டில் உயிர்களை எடுத்தது. அதைப் பரப்புவது உண்ணி. குரங்கு செத்ததும் அதன் மேல் இருக்கும் உண்ணிகள் உதிர்ந்து அந்த இடத்தைச் சுற்றியே கிடக்கும், அங்கே விறகு பொறுக்கப் போகிறவர் காலில் ஏறும். இந்த லட்சணத்தில் குரங்கை அடித்துக் காட்டில் போடு என்று யோசனை சொல்கிறவர்களை என்னவென்று சொல்வது?

நம்மிடமிருந்தும் அவற்றுக்குப் போகிறது, தெரியுமா? ஐவரி கோஸ்டின் அதே ‘தாய்’ காட்டுச் சிம்பன்சிகள் மனிதர்களின் சளி வைரஸ் தொற்றிச் செத்ததை 2008-இல் நிரூபித்தார்கள். ஆப்பிரிக்காவில் மலைக் கொரில்லாவைப் பார்க்கப் போகிறவர்கள் மீட்டர் கணக்கில் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இங்கே டூரிஸ்டுகள் கடித்த பிஸ்கட்டை ஜன்னல் வழியே நீட்டி செல்ஃபி எடுக்கிறார்கள்.

எஸ்டேட் ஓரத்தில் செத்த குரங்கை முதலில் பார்ப்பது மாடு மேய்ப்பவரும் விறகுக்குப் போகும் பெண்களும்தான். அவர்கள் வாயைத் திறப்பதில்லை. "நீ ஏன் அங்கே போனாய், என்ன செய்தாய்" என்று விசாரணை தங்கள் பக்கம் திரும்பிவிடும் என்ற பயம், அதில் நியாயமும் இருக்கிறது. பேர் கேட்காமல், இடத்தை மட்டும் கேட்டுக்கொள்ளும் ஒரு போன் நம்பரை, தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ரேஷன் கடை சுவரில் ஒட்டினால் என்ன? குரங்கை ஒழிக்கச் சொல்லி மனு எழுதும் அண்ணன்கள் அடுத்த மனுவில் இதைக் கேட்கலாமே. முதல் கையெழுத்தை நானே போடுகிறேன்.