ஷிபுவுக்கு ஒரு வரி போதாது

'மின்னல் முரளி' என்ற மலையாள சூப்பர் ஹீரோ படம் பற்றிய உங்கள் கட்டுரையில் நாயகன் டொவினோ தாமஸை மனம் நிறையப் பாராட்டியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் வில்லன் ஷிபுவாக வந்த குரு சோமசுந்தரத்துக்கு ஒரே ஒரு வரியா? மனசு கேட்கவில்லை, அதான் எழுதுகிறேன்.

நாங்கள் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள். வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். 2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததுமே குடும்பத்தோடு பார்த்தோம். ஒரே இரவில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையல்காரன் ஜெய்சன். இன்னொருவன் ஊரே ஒதுக்கி வைத்த ஷிபு. சக்தி இருவருக்கும் ஒன்றுதான். ஜெய்சனுக்குத் தாங்கிப் பிடிக்க வீடு இருந்தது, ஷிபுவுக்கு அவன் பல வருஷமாகக் காதலிக்கும் உஷாவை விட்டால் யாருமில்லை.

உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். உதடு சிரிக்கப் பார்க்கிறது, கண் அழுகிறது, குரல் உடைகிறது. இத்தனை வருஷம் காத்திருந்தது அத்தனையும் அதில் இருக்கிறது. "பாவம்டா அவன்" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வில்லனுக்காக அம்மா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

தமிழில் 'ஜோக்கர்' படத்தில் குரு சோமசுந்தரம் நடித்த மன்னர் மன்னனை மறக்காதவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பழகிய உடம்பு அது. நம் நடிகர் ஒருவரை நம்பி இவ்வளவு கனமான வேடத்தைக் கொடுத்த இயக்குநர் பேசில் ஜோசப்புக்கு எங்கள் வீட்டின் நன்றி.