கான்கேட் போடுவதற்கு முன் நீளத்தைப் பாருங்கள்

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொடுப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. லிஸ்டுக்குள் லிஸ்டாக வரும் எண்களை இருபரிமாண அரேயாக (வரிசையும் நெடுவரிசையுமான கட்டங்களாக) மாற்ற, பெரும்பாலும் ஒரே வழியைத்தான் காட்டுகிறார்கள்: முதல் வரிசையின் நீளத்தை அகலமாக எடுத்துக்கொள், கான்கேட் போட்டு எல்லாவற்றையும் ஒரே லிஸ்டாக்கு, லிஸ்டிலிருந்து அரே கட்டும் லிஸ்ட்அரே ஃபங்ஷனிடம் கொடு. தயவுசெய்து இதோடு நிறுத்தாதீர்கள்; எல்லா வரிசையும் ஒரே நீளமா என்று முதலில் சோதிக்கவும் காட்டுங்கள்.

[[1,2,3],[4,5],[6,7,8,9]] என்று தரவு வருகிறது என வையுங்கள். மூன்று வரிசை, முதல் வரிசையில் மூன்று எண். கான்கேட் செய்தால் சரியாக 9 எண்கள். 3×3 அரே எந்தப் புகாரும் இல்லாமல் உருவாகிவிடும். ஆனால் இரண்டாவது வரிசையின் கடைசிக் கட்டத்தில், அதற்குச் சம்பந்தமே இல்லாத 6 போய் உட்கார்ந்திருக்கும். வரிசை எங்கே முடிந்தது என்ற தகவலை கான்கேட் அழித்துவிட்டது, அதற்கப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எண்கள் குறைந்தாலும் உடனே தெரியாது. நிரம்பாத கட்டத்தை யாராவது தொடும்போதுதான் நிரல் விழும். கூடுதலாக இருந்தால் மிச்சத்தை லிஸ்ட்அரே சத்தமில்லாமல் விட்டுவிடும்.

டைப் (தரவின் வகை) சரியாக இருந்தால் நிரலும் சரியாக இருக்கும் என்று நம்பித்தானே இந்த மொழிகளுக்கு வருகிறோம்? லிஸ்டின் டைப்பில் நீளம் கிடையாது. இட்ரிஸ் என்ற மொழியில் நீளத்தையும் டைப்பிலேயே எழுதலாம், அது நல்ல வழி. ஆனால் கோப்பிலிருந்து படிக்கும் தரவுக்கு அங்கேயும் ஓரிடத்தில் சோதனை வேண்டும். எஃப்-ஷார்ப் மொழியில் இருபரிமாண அரே கட்டும் அரே2டி இதில் நேர்மையானது: வரிசைகளின் நீளம் வேறுபட்டால் அங்கேயே பிழை எறியும். ஒகாமல் மொழியில் வழக்கமாக அரேக்களின் அரேதான் கிடைக்கும், நீளம் வேறுபட்டாலும் அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் எண்கள் அடுத்த வரிசைக்கு இடம் மாறாது.

சோதனை வேகத்தைக் குறைக்கும் என்பவர்களுக்கு: லிஸ்டை எப்படியும் ஒருமுறை முழுக்க நடந்துதானே அரே கட்டுகிறோம்? நீளம் பார்க்க இன்னொரு நடை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தக் கட்டத்தையும் ஒரே எட்டில் எடுக்கலாம். லிஸ்டாகவே வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

காலி லிஸ்ட் வந்தால் முதல் வரிசையே இருக்காது, அதையும் நீளத்தைச் சோதிக்கும் ஃபங்ஷனே கவனிக்கட்டும். அந்த ஃபங்ஷன் மேபியைத் (விடை, அல்லது ஒன்றுமில்லை) திருப்பித் தருவதா ஈதரையா (விடை, அல்லது பிழைச் செய்தி) என்பது உங்கள் விருப்பம். எத்தனையாவது வரிசை கெட்டது என்று சொல்ல முடிவதால் நான் ஈதரைத்தான் எடுப்பேன்.