இழுத்தால் வரும்

(மாமனாரின் பழைய கார். ஓட்டுநர் இருக்கையில் மாமனார். பக்கத்தில் மாப்பிள்ளை, மடியில் ஸ்க்ரூடிரைவர் பெட்டி. இந்தக் காரை ஓட்டும் உரிமை மாப்பிள்ளைக்குக் கிடையாது. தள்ளும் உரிமை மட்டும் உண்டு.)

மாமா: எங்கே, வைப்பரைப் போடுங்கள் பார்ப்போம்.

மாப்பிள்ளை: (திருகுகிறார். குமிழ் கையோடு வருகிறது.) போட்டேன் மாமா.

மாமா: கீழேயா?

மாப்பிள்ளை: இல்லை, கையில்தான் இருக்கிறது. வைப்பர்தான் அசையவில்லை.

மாமா: அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அப்படியே கொஞ்சம் இடது பக்கம் சாய்க்க வேண்டும். அந்தக் கைப்பக்குவம் எல்லோருக்கும் வந்துவிடாது.

மாப்பிள்ளை: மழை பெய்தால்?

மாமா: மழையில் நான் வண்டி எடுப்பதில்லை.

மாப்பிள்ளை: ஹெட்லைட் குமிழும் ஆடுகிறதே?

மாமா: ராத்திரியிலும் எடுப்பதில்லை.

மாப்பிள்ளை: சோக் குமிழைக் காணவே காணோமே?

மாமா: அது என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. குளிர் நேரத்தில் வண்டி கிளம்புவதற்காக எடுத்து மாட்டி, மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வேன்.

மாப்பிள்ளை: வண்டி கிளம்பிய பிறகு சோக்கை உள்ளே தள்ளுவீர்களா?

மாமா: ஞாபகம் வந்தால்.

மாப்பிள்ளை: அதனால்தான் கரும்புகையும் பெட்ரோல் நாற்றமுமாகப் போகிறது. சோக் இழுத்தபடியே இருந்தால் காற்று குறைந்து, எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போகும் மாமா.

மாமா: ஓகோ. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வண்டியின் அழகுக்கு என்று நினைத்தேன். சரி, இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி? (பையிலிருந்து சூப்பர் க்ளூ டியூபை எடுக்கிறார்.) தலைக்கு ஒரு சொட்டு. முடிந்தது கதை.

மாப்பிள்ளை: ஐயோ, மூடுங்கள் அதை! ஸ்விட்ச் டேஷ்போர்டுக்குப் பின்பக்கமாகத்தான் வெளியே வரும். முன்னால் குமிழ் கழன்றால்தான் அதுவும் நடக்கும். ஒட்டிவிட்டால், ஸ்விட்ச் கெட்டுப்போகிற அன்று குமிழை உடைப்பதைத் தவிர வழியில்லை. போதாததற்கு, அந்தப் பசையின் ஆவி பட்டுக் கறுப்புக் குமிழெல்லாம் வெள்ளை பூத்துவிடும்.

மாமா: ஸ்விட்ச் கெடவே கெடாது. அந்தக் காலத்துப் பொருள்.

மாப்பிள்ளை: குமிழும் அந்தக் காலத்துப் பொருள்தானே மாமா.

மாமா: (யோசித்து) அடுப்பில் லேசாகச் சூடு காட்டி இறுக்கிவிட்டால்?

மாப்பிள்ளை: இது பேக்கலைட், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். ஒருமுறை அச்சில் இறுகியது மறுபடி இளகாது. சூடு காட்டினால் கருகும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும்.

மாமா: தெரியும். பேக்லாண்ட் என்பவர் 1907ல் கண்டுபிடித்தது. உங்களுக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன்.

(மாமாவுக்குத் தெரியாதது என்று எதுவும் இல்லை. தெரிந்ததைக் காரில் மட்டும் காட்ட மாட்டார்.)

மாப்பிள்ளை: பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டேன். முதலில் வைப்பர். (குமிழின் துளையை ஊசியால் குடைகிறார்.) நூல்... தீக்குச்சி... ஜிகினாத் தாள்... என்ன மாமா இது, காலண்டர் தாளா?

மாமா: தேதி என்ன?

மாப்பிள்ளை: என் கல்யாணத்துக்கு முந்தைய வருடம்.

மாமா: பிறகென்ன, நன்றாகத்தானே உழைத்திருக்கிறது!

மாப்பிள்ளை: துளை தேய்ந்து அகலமாகிவிட்டது. அதனால் குமிழ் மாட்டுகிற ஸ்விட்ச் தண்டைத்தான் கொஞ்சம் பருமனாக்க வேண்டும். ஒயருக்குப் போடுகிற ஹீட் ஷ்ரிங்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி, தண்டில் மாட்டி, சால்டரிங் அயர்ன் சூட்டைப் பக்கத்தில் காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

மாமா: சூடு காட்டக் கூடாது என்றீர்களே?

மாப்பிள்ளை: குமிழுக்குத்தான் கூடாது. இது தண்டுக்கு. (சூடு காட்டி, ஆறவிட்டு, குமிழை அழுத்துகிறார். இறுக்கமாக ஏறுகிறது.) வேண்டும்போது இழுத்தால் கழன்றும் வரும். அப்புறம் ஹெட்லைட். இந்தக் குமிழின் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை இருக்க வேண்டுமே?

மாமா: இருந்தது. தூசி போகிறதே என்று மெழுகு வைத்து அடைத்துவிட்டேன்.

மாப்பிள்ளை: மாமா, தண்டில் இருக்கிற குட்டி முனையை ஸ்பிரிங் வெளியே தள்ளும். அது இந்த ஓட்டைக்குள் வந்து மாட்டிக்கொண்டால்தான் குமிழ் நிற்கும். கழற்றும்போது கம்பியால் அந்த முனையை உள்ளே அழுத்துவார்கள். அந்த வேலையை உங்கள் மெழுகு நிரந்தரமாகச் செய்துகொண்டிருக்கிறது. எப்போது வைத்தீர்கள்?

மாமா: குமிழ் லூஸாவதற்கு முதல் நாள்.

(மெழுகைச் சுரண்டி எடுத்து, தண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, முனையை நாலைந்து முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் குமிழைத் தள்ளுகிறார். ‘டிக்’ என்கிறது.)

மாமா: இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாகிறது!

மாப்பிள்ளை: சோக் குமிழைக் கொடுங்கள். (வாங்கிப் பார்த்து) பக்கத்தில் இருக்கிற இந்தத் திருகை முடுக்காமலா இத்தனை நாள் மாட்டினீர்கள்?

மாமா: அது திருகா? அழகுக்கு வைத்த பொட்டு என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை: தண்டில் ஒரு சின்னக் குழி இருக்கிறது பாருங்கள். திருகின் நுனி அதில் உட்கார வேண்டும். (அலன் கீயால் முடுக்குகிறார்.) இதற்கு மேல் முடுக்கினால் பேக்கலைட் விரிசல் விடும். அப்படியே பின்னால் குனிந்து, கேபிளைப் பிடித்திருக்கிற நட்டையும் ஒரு பார்வை...

மாமா: தொடாதீர்கள்! அது கம்பெனி ஃபிட்டிங். இந்த வண்டியில் நான் கை வைக்காதது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளை: நீங்கள் கை வைக்கவில்லையா? அப்படியென்றால் நன்றாகத்தான் இருக்கும், விடுங்கள்.

(பேட்டரி ஒயரை மாட்டிவிட்டு வருகிறார். வைப்பர் ஆடுகிறது. ஹெட்லைட் எரிகிறது. பட்டப்பகலில் மாமா அதை மூன்று முறை போட்டு அணைக்கிறார்.)

மாமா: இப்போது சோக். (இழுக்கிறார்.) குமிழ் கழலவே இல்லை மாப்பிள்ளை!

மாப்பிள்ளை: சொன்னேன் அல்லவா?

மாமா: சொன்னீர்கள். ஆனால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறதே, எங்கே நிறுத்துவது?

(கழுத்து வளையமும் கேபிள் உறையும் டேஷ்போர்டை விட்டு வெளியே வந்து மாமாவின் மடியில் கிடக்கின்றன.)

மாப்பிள்ளை: பின்னால் நட் கழன்றிருக்கிறது மாமா! இதுவரை குமிழ் முதலில் கையோடு வந்துவிட்டதால் நட்டுக்கு இழுவையே போகவில்லை. இப்போதாவது அந்த நட்டில் கை வைக்கலாமா?

மாமா: வையுங்கள். முதலில் இந்தக் குமிழைப் பழையபடி லூஸாக்கிவிடுங்கள். வந்தால் அது மட்டும்தான் வரும். இப்படிக் குடும்பத்தோடு வந்ததில்லை.