மம்மியில் மது இல்லை

"பின்லாந்து போனால் மம்மி சாப்பிடாதீர்கள், பீரில் செய்தது, குழந்தைகளுக்கும் போதை ஏறும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

மம்மி என்பது பின்லாந்தில் ஈஸ்டர் சமயத்தில் குழந்தைகள் உட்பட வீடே சேர்ந்து சாப்பிடும் இனிப்பு. ரை என்ற, கோதுமை போன்ற தானியத்தின் மாவு, முளைகட்டி உலர்த்திப் பொடித்த ரை மால்ட், தண்ணீர், உப்பு, கசப்பு ஆரஞ்சுத் தோல் பொடி, இவைதான் இதன் முக்கியச் சேர்மானங்கள். மால்ட் என்ற சொல்தான் குழப்பத்துக்குக் காரணம் போல. பீருக்கும் மால்ட் வேண்டும், சரி. ஆனால் அங்கே ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள்; அதில்தான் மது உண்டாகிறது. மம்மியில் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. வெதுவெதுப்பான கூழில் மால்ட்டின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, கூழ் தானே இனிக்கும். அப்புறம் அடுப்பில் வைத்து நிதானமாகச் சுடுவார்கள். கருப்பாக, பளபளவென்று இருக்கும். மேலே குளிர்ந்த கிரீம் ஊற்றினால் வெள்ளையும் கருப்புமாக அத்தனை அழகு! கிரீம் இல்லாமல் சாப்பிட்டால் பால்கூடக் கலக்காத சைவ உணவு.

சந்தேகம் இருந்தால் கடைப் பெட்டியின் பின்புறம் பாருங்கள், சேர்மானப் பட்டியல் அச்சிட்டிருக்கும். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.