திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போனவர்கள்

2022 மே 14, சனிக்கிழமை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஜெஃபர்சன் அவென்யூவில் இருக்கும் டாப்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளை இனவெறியன் ஒருவன் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான். பத்துப் பேரும் கறுப்பினத்தவர். அந்த வட்டாரத்து மக்கள் பல வருடம் கேட்டுப் போராடி 2003இல் வரவழைத்த கடை அது. இறந்தவர்களில் 77 வயதுப் பெண் ஒருவர், ஊரின் அரசுப் பள்ளிகளில் டீச்சர் யாராவது லீவு போட்டால் அவருக்குப் பதிலாக வகுப்பெடுத்து வந்தவர்.

நானும் ஒரு ஆசிரியை. செய்தியில் இந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அந்த ஊர்ப் பள்ளிகளின் கறுப்பினப் பிள்ளைகள் திங்கட்கிழமை யாரைத் தேடிப் போயிருப்பார்கள்? தங்கள் நிறத்தில் இருக்கும் டீச்சரைத்தான். அவரும் அதே கடையில் அரிசி, பால் வாங்குபவராக இருந்திருக்கலாம். எங்களையும் சுடுவார்களா என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டால், அவர் தன் அழுகையை எங்கே வைத்துவிட்டுப் பதில் சொல்வார்?

அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் நூற்றுக்கு ஆறேழு பேர்தான் கறுப்பினத்தவர். அவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள். எத்தனையோ பள்ளிகளில் ஒரே ஒருவர். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட 2020லும் பிள்ளைகளின் கேள்விகள் அந்த ஒருவரிடம்தான் வந்து சேர்ந்தன. சரி, உண்மையைச் சொல்லலாம் என்றால் அதற்கும் தடை. ஓக்லஹோமாவிலும் டென்னசியிலும் 2021இல் இனம் பற்றி வகுப்பில் எதைப் பேசலாம் என்பதற்குக் கட்டுப்பாடு போட்டுச் சட்டமே வந்துவிட்டது.

இது புதிதும் இல்லை. தென் கரோலினாவின் செப்டிமா கிளார்க் நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவர். கறுப்பின உரிமைச் சங்கமான என்ஏஏசிபியில் அரசு ஊழியர் யாரும் இருக்கக் கூடாது என்று 1956இல் அந்த மாநிலம் சட்டம் போட்டது. அவர் விலக மறுத்தார். வேலை போனது, ஓய்வூதியமும் போனது. அப்புறமும் அவர் கற்பிப்பதை விடவில்லை. அதே மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் பெரியவர்களுக்கு எழுத்தும் வாக்குரிமையும் சொல்லித் தரும் பள்ளிகளைத் தொடங்கக் காரணமாக இருந்தார். ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது 1976இல்தான்.

கறுப்பின ஆசிரியைகளின் மன உறுதியைப் புகழ்ந்து எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. இப்படி ஒரு கொலைக்குப் பிறகு வரும் திங்கட்கிழமை அந்த டீச்சருக்கு லீவு கொடுங்கள். வருவேன் என்று அவரே சொன்னால், வகுப்பில் கூட நிற்க இன்னொரு பெரியவரை அனுப்புங்கள். மறுநாள் பெற்றோர் புகாரோடு வந்தால் தலைமை ஆசிரியர் முன்னால் போய்ப் பேசட்டும்.