பிரஷ்யப் படை எத்தனை மணிக்கு வந்தது?

அண்ணே, மதுரையில் அடுத்த ஞாயிறு வாட்டர்லூ போரைப் பொம்மை வீரர்களை வைத்து மேசையில் ஆடும் ஆட்டம் என்றதும் சந்தோஷம். ஒரே ஒரு திருத்தம். 1815 ஜூன் 18 அன்று எல்லாம் முடிந்த பிறகுதான், நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்கு உதவியாகப் பிரஷ்யப் படை வந்தது, அதனால் அந்தப் பொம்மைகளைக் கடைசிச் சுற்றில் மேசைக்கு எடுத்தால் போதும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், நிறையப் பேர் பகிர்ந்தும் விட்டார்கள்.

நடந்தது அப்படியில்லை. பிரஷ்யத் தளபதி பியூலோவின் படைப்பிரிவு மாலை நாலரை வாக்கிலேயே பிரெஞ்சு வலப்பக்கத்தில் மோதத் தொடங்கிவிட்டது. அதைத் தடுக்க பிரெஞ்சுத் தளபதி லோபோவின் படை போனது, பிளான்சென்வா கிராமத்துக்காக நெப்போலியனின் காவல்படையில் இளைய பிரிவான இளங்காவல் படையின் எட்டு பட்டாலியன்களும் போயின, அதுவும் போதாமல் அதன் மூத்த பிரிவான பழங்காவல் படையிலிருந்து இரண்டு பட்டாலியன்கள். வெலிங்டன் மேல் நெப்போலியனின் காவல்படை ஏறியது ஏழரை வாக்கில்தான். ஒரு சுற்று அரை மணி நேரம் என்றால் நடுவில் ஆறு சுற்று இருக்கிறதே!

சரிபார்ப்பதும் சுலபம். மறுநாள் வெலிங்டன் எழுதிய அறிக்கை 1815 ஜூன் 22 பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்டில் வந்தது, அதன் இணையக் காப்பகத்தில் இலவசமாகவே படிக்கலாம். வெற்றிக்குக் காரணம் பிரஷ்யத் தலைமைத் தளபதி புளூக்கரும் பிரஷ்யப் படையும் சரியான நேரத்தில் செய்த உதவி என்று அவரே ஒப்புக்கொள்கிறார், பியூலோ பக்கவாட்டில் தாக்கியதைத் தனியாகவும் சொல்கிறார்.

எங்கள் வீட்டு மேசையில், விளக்குத்தூண் பக்கம் வாங்கிய பச்சைத் துணியை விரித்து, பிளான்சென்வாவுக்கு நாலு தீப்பெட்டி வைத்து, பிரஷ்யர்களை நாலரை மணிச் சுற்றில் இறக்கினோம். பிரெஞ்சுப் பக்கம் ஆடிய தம்பி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் யோசித்தான்.