ஓசியில் வந்த பட்டமா?

குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனதைப் பற்றி மறுபடியும் அதே பேச்சு. "டிங் சொதப்பினார், குகேஷ் ஜெயிச்சார், அவ்வளவுதானே?" நேற்றைய அந்தப் பதிவைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள். வலித்தது அதுதான்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் கடைசியான 14-வது ஆட்டம். ஆளுக்கு 6.5 புள்ளி. வெள்ளைக் காய் அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரனுக்கு. வழக்கமாகக் கறுப்புக் காய்க்காரர் ஆடும் குரூன்ஃபெல்டு தற்காப்பை வெள்ளையில் திருப்பி ஆடினார். நல்ல தொடக்கம்தான். ஆனால் போகப் போக அவர் தேடியது டிரா மட்டும்தான். 29-வது நகர்த்தலில் சிப்பாயையே கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்டார். டிராவானால் மறுநாள் ரேபிட், அதாவது குறைந்த நேரத்தில் ஆடும் வேக ஆட்டங்கள்; அதில் அவர் கைதான் ஓங்கும் என்று பேச்சு. ஆட்டம் டிராதான் என்று நானும் நினைத்தேன்.

குகேஷ் நினைக்கவில்லை. ஒரே ஒரு சிப்பாய் அதிகம், அதை வைத்துக்கொண்டு இருபத்தைந்து நகர்த்தலுக்கு மேல் விடாமல் நெருக்கினார். 53-வது நகர்த்தலில் டிங்கின் பிஷப் ஏ8 என்ற மூலைக் கட்டத்துக்குப் போனது. குகேஷின் ராஜா நடந்து வந்து டிங்கின் யானையைத் தாக்கியது. 55-இல் டிங் அந்த யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். தப்பு அதுதான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷின் பிஷப் டி5-இல் வந்து நின்றது. மூலையில் இருந்த பிஷப்புக்குத் தப்ப வழியில்லை. பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் அந்த ஒரு சிப்பாயே ஜெயிக்கப் போதும். அந்தத் தப்பு தானாக வரவில்லை, வரவைக்கப்பட்டது.

பத்தாம் வகுப்பில் ஒரு போட்டியில் எனக்கும் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தது. பசி, கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம். டிரா கேட்டேன். எதிரே இருந்தவன் சட்டென்று கை கொடுத்தான். அவன் உள்ளங்கை முழுக்க வியர்வை. இன்னும் பத்து நகர்த்தல் உட்கார்ந்திருக்கலாம் என்று அப்போதுதான் புரிந்தது. நான் எழுந்துவிட்டேன். குகேஷ் எழவில்லை. வித்தியாசம் அதுதான்.

"முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக்கே குறை சொன்னாரே" என்பீர்கள். 2006-இல் கணினிக்கு எதிராக ஒரே நகர்த்தலில் தன் ராஜா மாட்டி ஆட்டம் முடியும் என்பதைக் கவனிக்காமல் விட்டவர் அவர். அதற்காக அவர் சாம்பியன் இல்லையென்று ஆகிவிட்டதா? "ஆட்டத்தின் தரம் குறைவு" என்றால், சரி, இருக்கட்டும். டிங்கை நான் குறைத்துப் பேசவில்லை. 11-வது ஆட்டத்தில் தோற்று 12-வதில் திருப்பி ஜெயித்த மனிதர் அவர்.

ஆனால் குகேஷ் அன்று பதினெட்டு வயதுப் பையன். அவனோடு ஊர் ஊராகப் போவதற்காக மருத்துவத் தொழிலையே நிறுத்தி வைத்தவர் அவன் அப்பா. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டதும் அவன் குதிக்கவில்லை, அழுதுகொண்டே காய்களை அதனதன் கட்டத்தில் எடுத்து வைத்தான். ஓசியில் கிடைத்ததற்கு யாராவது அப்படி அழுவார்களா?

அந்தச் சிரிப்பு முகத்தைப் போட்டவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.